வழியறிந்து வண்டி கொள்க

கல்லூரிச் சஞ்சிகையிற் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். இலக்கியமும் சரித்திரமும் விஞ்ஞானமும் இடம்பெற வேண்டிய இத்தாள்களில் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரு செயினுக்கும் என்ன வேலை என்று வினவுவாரும் உளராவர். ஆயினும், நம் மாணவரொருவர் தம் தந்தையார் பல மாதம் தறியிலமர்ந்து ஈட்டிய பொருளைக் கொடுத்து ஒன்றை வாங்கப் போகின்றார் எனின், வாங்குமுன் அவரிடம் நான்கு சொற் கூறுதல் வீண்வேலை ஆகாது என்பது எம் கருத்து.

"கிராவல் சைக்கிள் வாங்கக் கருதுகின்றோம், எது நல்லது?" என்னும் வினா சென்ற சில மாதங்களாக எம்மை நாடி வந்தவண்ணம் உளது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தினின்று வரும் மாணவர் நேரிற் கேட்கின்றனர். அப்பக்கத்திற் பிறந்து வெளியூர்களில் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவரோ விடுமுறையில் வரும்போது கேட்கின்றனர். யாமும் அந்நாட்டிற் பிறந்து அதன் புழுதியில் வளர்ந்தோமாதலின், இவ்வினா எமக்கு உவப்பையே தருகின்றது. ஆனால் வினாவின் முறைதான் பிழைபட்டது. எது நல்ல மருந்து என்று வைத்தியரைக் கேட்பார் உண்டோ? நோய் யாது என்பதன்றோ முதற்கண் அறியற்பாலது? அதுபோலவே, எந்த வழியிற் போகப் போகின்றோம், என்ன சுமந்து போகப் போகின்றோம், இடைவழியிற் கெட்டால் யார் சரிசெய்வார் என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே எந்த வண்டி என்னும் வினா எழுதல் வேண்டும்.

முதலில், கிராவல் சைக்கிள் என்பது யாது என அறிவோம். கிராவல் என்னுஞ் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. சாலைக்குக் கொட்டும் சரளைமண்ணை நம் கிராமத்தாரும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். தார்ச்சாலையில் விரைந்து செல்லும் பந்தய வண்டியையும் மலைப்பாதையில் ஏறியிறங்கும் மலைவண்டியையும் இருமுனைகளாகக் கொண்டால், அவ்விரண்டிற்கும் நடுவே நிற்பது இச்சரளை வண்டி. பந்தய வண்டிக்குரிய வளைந்த ஹாண்டில்பாரை இது பெரும்பாலும் உடையது. ஆனால் டயரின் அகலம் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். பந்தய வண்டியின் டயர் அகலமோ பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டருக்குள் அடங்கும். கிராவல் வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடையேயுள்ள தூரம் சற்று மிகுதியாதலின், மேடுபள்ளத்தில் அது துள்ளாது அமைதியாகச் செல்லும். சக்கரத்தின் நடுவே தட்டைப் பற்றி நிறுத்தும் டிஸ்க் பிரேக்கும், எளிதாக மிதிக்கத்தக்க சிறிய கியர்களும், நீர்ப்புட்டிகளும் பைகளும் மாட்டுதற்குரிய திருகுத் துளைகளும் இதன் பிற இலக்கணங்கள்.

இவ்வகை வண்டி தோன்றிய இடத்தை நோக்கினும் எம் கருத்தே வலியுறும். அமெரிக்காவில் கன்சாஸ் மாகாணத்து எம்போரியா என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டு 200 மைல் தூரச் சரளைச்சாலைப் பந்தயமொன்று தொடங்கப்பெற்றது. அவ்வூரைச் சூழ்ந்த குன்றுகளின் கல், கத்திபோற் கூரிய தீத்தட்டிக்கல். மெல்லிய டயரை அக்கல் கிழித்தெறிந்துவிடும். ஆகவே அங்கே ஓட்டுவோர் அக்கல்லுக்கு அஞ்சியே டயரைத் தேர்ந்தனர். நாளடைவில் இவ்விளையாட்டுப் பல நாடுகளிலும் பரவி, 2022-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வெனெட்டோப் பகுதியில் முதல் உலகப் போட்டியும் நடைபெற்றது. கன்சாஸ் கல்லுக்கு ஏற்ற வண்டியைக் கன்சாஸ்காரர் தேர்ந்தனர். அருப்புக்கோட்டை முள்ளுக்கு ஏற்ற வண்டியை அருப்புக்கோட்டையார் தேர்தல் வேண்டும் என்பதே இதனால் யாம் பெறும் பாடம்.

இனி, நம் நாட்டு வழிகளைச் சிறிது காண்போம். மதுரையினின்று அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கண்ணாடிபோல் வழவழப்பானது. அதில் எவ்வண்டியும் ஓடும். அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குச் செல்லும் சாலையும் தார்ச்சாலையே. இரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டிற் பிறந்த ஊரென உலகறிந்த திருச்சுழிக்கு வரும் வெளிநாட்டாரும் இச்சாலை வழியே வருகின்றனர். ஆனால் நம் மாணவருட் பலரின் வீடுகள் இச்சாலைகளின் ஓரத்தில் இல்லை. சாலையை விட்டு இறங்கியவுடன் வேறு உலகம் தொடங்குகின்றது. தார் பெயர்ந்து ஜல்லி பல்லிளிக்கும் கிராமச்சாலை. அதனைக் கடந்தால் மாட்டுவண்டித் தடம். அதனையுங் கடந்தாற் கண்மாய்க்கரை. கோடையிற் குண்டாற்றைக் குறுக்கே கடக்க நேர்ந்தாற் கணுக்கால் புதையும் மணல்.

மண்ணின் இயல்பும் ஒருதன்மைத்தன்று. செவல் மண் மழையிலும் ஓரளவு தாங்கும். கரிசல் மண்ணோ கோடையில் வெடித்து, சக்கரம் இறங்குமளவு பிளவு காட்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தபின் பசைபோல் ஒட்டும். நடப்பார் காலில் அது செருப்பின்மேற் செருப்பாக அப்பிக்கொள்வதை நாம் அறிவோம். சைக்கிளில் அது டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே புகுந்து நிரம்பிச் சக்கரத்தையே சுழலவொட்டாது நிறுத்திவிடும். அந்நிலையில் வண்டியின் விலை எவ்வளவாயினும் அதனைத் தோளிற் சுமப்பதன்றி வேறு வழியில்லை.

இவற்றினுங் கொடியது முள். வேற்றுநாட்டினின்று கொணரப்பெற்று இவ்வறண்ட நாடெங்கும் பரவிவிட்ட சீமைக்கருவேலம் கண்மாயையும் தரிசையும் ஒருங்கே கவர்ந்துகொண்டது. விறகும் கரிமூட்டமும் பலருக்குப் பிழைப்பைத் தருகின்றனவாதலின், அதனை முற்றும் பழிக்க எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் சைக்கிள் ஓட்டுவோனுக்கு அது பகையே. விறகேற்றிய வண்டி சென்ற வழியெங்கும் முட்கள் உதிர்ந்து கிடக்கும். காய்ந்த முள் டயரைத் துளைத்து, நுனி உள்ளே ஒடிந்து தங்கிவிடும் இயல்புடையது. இதன் கொடுமையை யாம் நூலிற் படித்து அறிந்தோமல்லோம், பட்டே அறிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் யாமும் ஆசை மிகுந்து, சேமித்த பொருளையெல்லாம் கொடுத்து, 25 மில்லிமீட்டர் டயருடைய பந்தய வண்டியொன்றை வாங்கினோம். அதன் வண்ணமும் இலேசும் எம் கண்ணைப் பறித்தன. வாங்கிய சின்னாட்களில், திருச்சுழிக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றில் எம் மாணவரொருவரின் புதுமனை புகுவிழா வந்தது. "ஒன்பது மணிக்குள் வந்துவிடுவோம்" என்று வாக்களித்துப் புறப்பட்டோம். திருச்சுழி வரையில் வண்டி பறந்தது. பின்னர்க் கிராமச்சாலையிற் கைகள் நடுங்கின. கண்மாய்க்கரை ஏறிய சிறிது நேரத்திற் பின்சக்கரம் பெருமூச்சு விட்டுத் தட்டையாயிற்று. கைவசமிருந்த மாற்று டியூபை இட்டுக் காற்றடித்துப் புறப்பட்டோம். அரை மைல் போவதற்குள் அதுவும் போயிற்று. எஞ்சிய தூரம் முழுவதும் வண்டி எம்மேல் ஏறி வந்தது.

வழியில் ஒரு வேப்பமரத்தடியிற் சைக்கிள் பழுது பார்க்குங் கடையொன்று இருந்தது. "அண்ணாச்சி, எப்படியாவது இதனைச் சரிசெய்து கொடுங்கள்" என்று வேண்டினோம். அவர் டயரைக் கழற்றினார். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுவதும் மெல்லத் தடவிக்கொண்டு வந்தார். ஓரிடத்திற் பஞ்சு சிக்கிக்கொண்டது. அங்கே கண்ணுக்குப் புலப்படாத முள்நுனி ஒன்று ஒளிந்திருந்தது. "சார், முதல் பஞ்சர்ல ஒடிஞ்ச முள்ளுதான் ரெண்டாவது டியூபையும் குத்தியிருக்கு. முள்ளை எடுக்காம டியூபை மாத்தி என்ன பிரயோசனம்?" என்றார். இரண்டு பட்டங்கள் பெற்ற யாம் தலைகுனிந்து நின்றோம். அவர் பொத்தலை ஒட்டிக் கொடுத்தார். ஆனால் எம் வண்டியின் மெல்லிய வால்வு அவருடைய பம்பின் வாயிற் பொருந்தவில்லை. எம் கைப்பம்போ காலையிலேயே கண்மாய்க்கரையிற் கைநழுவிப் போயிருந்தது. மருந்திருந்தும் நோயாளி பிழைக்கவில்லை.

நண்பகலுக்குப் பின் அவ்வீட்டை அடைந்தோம். விருந்தினர் யாவரும் உண்டு சென்றுவிட்டனர். மாணவருடைய பாட்டியார் மட்டும் எமக்காக இலையை விரித்து வைத்துத் தாமும் உண்ணாமற் காத்திருந்தார். "என்னய்யா, வண்டியில வந்தீங்களா, வண்டியைத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்று அவர் கேட்டபோது வீட்டார் நகைத்தனர், யாமும் நகைத்தோம். ஆயினும் எண்பதாண்டு மூதாட்டியொருவர் எம் ஆடம்பரத்தின் பொருட்டு அரைநாள் பசித்திருந்தார் என்பதை நினைக்குந்தோறும் இன்றும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

அன்று மாலை எம் வண்டியை அவ்வீட்டுத் திண்ணையிற் சாத்திவிட்டு, அம்மாணவருடைய தாத்தாவின் பழைய கருப்புச் சைக்கிளில் ஊர் திரும்பினோம். காலையில் எம்மைப் படுத்திய அதே கண்மாய்க்கரையில் அது மாடு நடப்பதுபோல் நிதானமாக நடந்து சென்றது. வீடு சேர்ந்ததும் ஐயங்கொண்டு அதன் டயரின் ஓரத்திற் பொறித்திருந்த எண்ணைப் படித்தோம். 28 பெருக்கல் 1½ அங்குலம் என்றிருந்தது. இந்நாளைய கணக்கில் அது 40 மில்லிமீட்டர். கிராவல் சைக்கிளுக்கு உகந்த அகலம் என்று இன்று கடைகளிற் கூறப்படும் அதே 40 மில்லிமீட்டர்!

இஃது தற்செயலன்று. அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பார் 1888-ஆம் ஆண்டிற் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற காலத்தும், அதன்பின் பல்லாண்டுகளும், இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளிற் பெரும்பாலானவை தாரிடப்படாதவை. அச்சாலைகளுக்கென அமைந்ததே ரோட்ஸ்டர் எனப்படும் கருப்பு வண்டி. அகன்ற டயர், நீண்ட உடல், சாய்ந்த முன்கவை, கனத்த இரும்புச் சட்டம் ஆகிய யாவும் கரடுமுரடான வழியைத் தாங்குதற்கென்றே வைக்கப்பெற்றன. அவ்வண்டி கப்பலேறி நம் நாட்டிற்கு வந்தது. 1949-ஆம் ஆண்டிற் சென்னையை அடுத்த அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தார் ஆங்கிலக் கம்பெனியொன்றோடு கூடி டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர் அங்கும் அத்தகைய வண்டிகள் செய்யப்படலாயின. மேனாட்டார் சாலைகளுக்குத் தாரிட்டனர், டயரை மெலிவித்தனர், பின்னர்த் தாரில்லா வழிகளின்மேல் மீண்டும் ஆசை கொண்டு டயரை அகலப்படுத்தினர். ஆகவே கிராவல் சைக்கிள் நம் தாத்தாவின் வண்டிக்கு ஒருவகையிற் பேரன் முறையாகும்.

அற்றேல், பழைய வண்டியே போதும், புதியது வேண்டா என்பீரோ எனின், அவ்வாறு யாம் கூறோம். தாத்தாவின் வண்டி ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ளது. கிராவல் வண்டியோ ஏறத்தாழ 10 கிலோ. பழைய வண்டியின் இரும்பு ரிம்மை ரப்பர்க் கட்டை பற்றும் பிரேக், மழையில் நனைந்தால் வழுக்கும். டிஸ்க் பிரேக் சேற்றிலும் நன்கு நிறுத்தும். பழையதற்குக் கியர் ஒன்றே. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லும் உள்ள வண்டி ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ 5½ மீட்டர் செல்லும். கிராவல் வண்டியில் முன்னே 40 பல்லும் பின்னே 42 பல்லுமாக வைத்து மிதித்தால் ஒரு சுற்றுக்கு 2 மீட்டரளவே செல்லும். அவ்வளவுக்கு மிதிப்பதும் எளிதாகும்.

நம் நாட்டில் மலையேது, சிறிய கியர் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். நம் நாட்டு மலை கண்ணுக்குத் தெரியாத மலை. அதன் பெயர் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழியை உண்டாக்கியவர் சைக்கிள் ஓட்டியிருப்பாரேல் இன்னும் வன்மையாகக் கூறியிருப்பார். எதிர்க்காற்றின் தடை அதன் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் பெருகுவது. காற்று இருமடங்கு வேகமாக வீசின் தடை நான்கு மடங்காகும். மரமில்லாப் பொட்டலில் மேற்கு நோக்கிப் பத்து மைல் மிதிப்பவனுக்குச் சிறிய கியரும், குனிந்து பிடித்தற்குரிய வளைந்த ஹாண்டில்பாரும் ஆடம்பரப் பொருள்கள் அல்ல.

இனி, வாங்கக் கருதுவோர் நோக்க வேண்டுவனவற்றை முறையே கூறுவோம்.

முதலாவது டயர். பெரும்பகுதி தார்ச்சாலையிலும் சிறுபகுதி கிராமச்சாலையிலும் செல்வோர்க்கு 35 முதல் 40 மில்லிமீட்டர் போதும். நடுவில் வழவழப்பும் ஓரத்திற் சிறு குமிழ்களும் உள்ள டயர் நன்று. வண்டித்தடத்திலும் மணலிலும் மிகுதியாகச் செல்வோர் 45 மில்லிமீட்டரோ அதற்கு மேற்பட்டதோ கொள்க. டயருக்கும் சட்டத்துக்கும் இடையே விரலளவு இடைவெளி உளதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்க. கரிசல்மண் அந்த இடைவெளியைத்தான் முதலில் நாடும். காற்றைக் கல்போல் இறுக அடைப்பது வேகந் தரும் என்பது மேடுபள்ளச் சாலையிற் பொய். குலுங்குவதிலேயே உழைப்பு வீணாகும். நடுத்தர உடலுடையவர் 40 மில்லிமீட்டர் டயரில் சதுர அங்குலத்துக்கு 35 முதல் 45 பவுண்டு அழுத்தம் வைத்துப் பழகிப் பார்த்துத் தமக்கு ஏற்றதைக் காண்க.

இரண்டாவது முட்காப்பு. டியூபின்றி ஓடும் டயருள் ரப்பர்ப்பால் போன்ற திரவத்தை ஊற்றி வைப்பின், முள் குத்திய துளையை அஃது தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் அத்திரவம் சில மாதங்களில் வறண்டுவிடும். நம் வெயிலில் இன்னும் விரைவாக வறளும். இடையிடையே ஊற்றும் பொறுமையுடையார்க்கே அம்முறை ஏற்றது. ஏனையோர் தடித்த டியூபும், டயருக்கும் டியூபுக்கும் இடையே இடும் காப்புப் பட்டையும் கொள்க. எம்முறையைக் கொண்டாராயினும், டியூபை மாற்றும்போது பஞ்சால் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தலை மறவாதிருக்க. பருத்தி விளையும் நாட்டில் ஒரு சிட்டிகைப் பஞ்சுக்குக் குறைவில்லை.

மூன்றாவது, இடைவழியிற் கிடைக்கும் உதவி. மோட்டார் சைக்கிளின் டியூபிலுள்ளது போன்ற தடித்த வால்வு இருப்பின், எந்தச் சிற்றூர்ப் பஞ்சர்க் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய வால்வுடையார் பொருத்துதற்குரிய சிறு பித்தளை மூடியொன்றைப் பையில் வைத்திருத்தல் வேண்டும். அதன் விலை அற்பம். அது இல்லாமையின் விலையை யாம் முன்னரே கூறினோம். மேலும், 28 அங்குலம் என்னும் பெயரைக் கண்டு மயங்கற்க. பழைய கருப்பு வண்டியின் டயர் ரிம்மிற் பொருந்தும் விட்டம் 635 மில்லிமீட்டர்; கிராவல் வண்டியினது பெரும்பாலும் 622. இரண்டையும் 28 என்றே கூறுவர். ஆயினும் ஒன்றன் டயர் மற்றொன்றிற் பொருந்தாது. 29 அங்குலம் எனப்படும் மலைவண்டி டயரின் விட்டமும் அதே 622 ஆதலின், சட்டத்தில் இடமிருப்பின் அவசரத்திற்கு அது உதவும்.

நான்காவது பிரேக்கும் சட்டமும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக் மென்மையானது. ஆனால் அதனைச் செப்பனிடக் கருவியும் பயிற்சியும் வேண்டும். கம்பியால் இழுக்கும் டிஸ்க் பிரேக்கைக் கிராமத்துக் கடைக்காரரும் திருத்துவார். அலுமினியச் சட்டம் இலேசு. இரும்புச் சட்டம் கனம், ஆயின் ஒடிந்தால் உள்ளூர் லேத் பட்டறையிலேயே பற்றவைக்கலாம். கார்பன் இழைச் சட்டம் பந்தயம் ஓடுவார்க்கு ஆகுக. கேரியரில் அரிசி மூட்டை கட்டுவார்க்கு அது வேண்டா.

ஐந்தாவது அளவு. இஃது எல்லாவற்றினும் தலையாயது. சட்டத்தின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது மேற்கம்பி உடலில் இடியாதிருத்தல் வேண்டும். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலின் தாழ்ந்த நிலையில் வைத்தாற் கால் நேராக நீள வேண்டும். ஹாண்டில்பாரைப் பிடிக்கையில் முழங்கை சற்று மடங்கி இருக்க வேண்டும். தள்ளுபடி கிடைக்கிறதென்று அளவு பொருந்தாத வண்டியை வாங்குதல், மலிவாகக் கிடைத்ததென்று அடுத்தவர் செருப்பை வாங்குவதை ஒக்கும்.

வேலைக்கேற்ற வண்டியைத் தேர்தலில் நமக்கு வழிகாட்டிகள் அயல்நாட்டுப் பந்தயக்காரர் மட்டும் அல்லர். நம்மைப் போன்றே வறண்ட நிலமாகிய புதுக்கோட்டையில் 1991-ஆம் ஆண்டிற் கிளர்ந்த அறிவொளி இயக்கத்தில், அந்நாட் கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை நேரிற் கண்டு எழுதியுள்ளார். அவர் குறித்த செய்திகளுள் ஒன்று எம் உள்ளத்தைக் கவர்ந்தது. அப்பெண்களுட் சிலர் ஆடவர்க்குரிய வண்டியையே விரும்பினராம். சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் இடையே உள்ள கம்பியிற் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். பெண்களுக்கு இது, ஆண்களுக்கு இது என்று கடைக்காரர் வகுத்த வகுப்பை அவர்கள் மதித்திலர். தம் நாளின் வேலையையே மதித்தனர். வண்டி தேர்தலைப் பற்றி யாம் கேட்ட பாடங்களுள் இதனினும் சிறந்ததில்லை.

இவையெல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லின், வாங்குவோர் மூவகையர். விடுதியினின்றோ பக்கத்துத் தெருவினின்றோ இரண்டு மூன்று கிலோமீட்டர் வருவோர்க்குக் கிராவல் சைக்கிள் தேவையே இல்லை. கருப்பு வண்டியோ, பள்ளியிற் கிடைத்த வண்டியோ போதும். அதற்குப் புது டயரும் நல்ல பிரேக்கும் இட்டால் இன்னும் பல்லாண்டு உழைக்கும். நாள்தோறும் பதினைந்து இருபது கிலோமீட்டர் தாரும் சரளையும் கலந்த வழியிற் செல்வோர்க்கு, மட்கார்டும் கேரியரும் மாட்டத்தக்க, கம்பிப் பிரேக்குடைய எளிய கிராவல் வண்டி தக்கது. புடவையோ தாவணியோ வேட்டியோ உடுத்துவோர் செயினுக்கு மூடி அமையுமா என்றும் கேட்டுக்கொள்க. விடுமுறையில் ஐம்பது நூறு கிலோமீட்டர் சுற்றிவர விரும்பும் பழைய மாணவர் தம் பொருளுக்கேற்ற உயர்ந்த வண்டியையே வாங்கலாம். அவர்க்கு எம் விண்ணப்பம் ஒன்றே. மூன்று நீர்ப்புட்டிகளுக்கு இடமுள்ளதாக வாங்குக. சித்திரை வெயிலில் நம் பொட்டலில் நிழலும் நீரும் நினைத்த இடத்திற் கிடையா.

நிற்க. விலையைப் பற்றிய பேச்சினும் எம்மை மிகுதியாக வருத்துவது நாணத்தைப் பற்றியது. 2001-02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தொடங்கிப் பின்னர்ப் பிற மாணவ மாணவியர்க்கும் விரிந்த அரசாங்க இலவசச் சைக்கிள், எத்தனையோ வீட்டுப் பெண்களைப் பள்ளியின் வாயில்வரை கொண்டு சேர்த்தது. அவ்வண்டியிற் பள்ளி சென்ற மாணவரே கல்லூரிக்கு வந்தபின் அதில் ஏறக் கூசுகின்றனர். புதிய வண்டியில்லையேல் நடப்பதே மேல் என்று நண்பரிடம் கூறுகின்றனர். பின்னர்த் தந்தையாரைக் கடன்படச் செய்து வாங்கிய வண்டி, வழிக்குப் பொருந்தாமையின், மூன்றாம் மாதத்திலேயே திண்ணையிற் புழுதி படிந்து நிற்கின்றது. அப்பொழுது வீணானது பணம் மட்டுமன்று. "சைக்கிள் நமக்கு ஒத்துவராது" என்னும் தவறான முடிவும் அவ்வீட்டில் நிலைத்துவிடுகின்றது. பொருந்தாத வண்டி ஒருவரைச் சைக்கிளினின்றே பிரித்துவிடும். பொருந்திய வண்டியோ நாற்பதாண்டு துணைவரும். அத்தாத்தாவின் வண்டியே அதற்குச் சான்று.

ஆதலின், வாங்கக் கருதும் அன்பர்கள் ஒரு வாரம் பொறுத்திருக்க. அவ்வேழு நாளும் தாம் செல்லும் வழியை ஒரு தாளிற் குறித்து வைக்க. தார் எவ்வளவு, சரளை எவ்வளவு, மணல் எவ்வளவு, சுமை யாது, பஞ்சர்க் கடை எங்கே என்று எழுதிக்கொண்டு கடைக்குச் சென்றால், கடைக்காரரின் சொல் அவரை எளிதில் ஏமாற்றாது. இரவல் வண்டியொன்றில் அவ்வழியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தல் அதனினும் நன்று.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. சைக்கிள் கொட்டகையின் ஓரத்தில் ஒரு நல்ல பம்பும், டயர் கழற்றும் நெம்புகோலும், ஒட்டுப்பட்டையும் சொலூஷனும் வைத்தற்கு ஒரு சிறு பெட்டி அமைத்தால் என்ன? பெரும் பொருட்செலவு அதற்கு வேண்டுவதில்லை. வெளியூரிலிருக்கும் பழைய மாணவர் இருவர் மனம் வைத்தாற் போதும். பஞ்சர் ஒட்டத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து ஆண்டுக்கொருமுறை மாணவர்க்குக் கற்பிக்கச் செய்தலும் நன்றாம். எமக்கு வேப்பமரத்தடியிற் கிடைத்த பாடம் பிறர்க்குக் கொட்டகையிலேயே கிடைக்கட்டும். அப்பெட்டியில் ஒரு சிட்டிகைப் பஞ்சு வைக்கும் பொறுப்பை யாமே ஏற்றுக்கொள்கின்றோம்.